பரண்மேல் உறங்கும் குரல்கள்

 

உங்கள் இல்லத்துப் பரணில் ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கக்கூடும். அதனுள்ளே பழந்துணிகளுக்கும் கிழிந்த பாய்க்கும் அடியில், தாள் உறையிட்ட சில கறுப்புத் தட்டுகள் கிடக்குமானால், இக்கட்டுரையைப் படித்து முடிக்கும்வரை அவற்றை எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள். இதுவே என் முதல் வேண்டுகோள். கட்டுரையின் முடிவிலும் இதையேதான் கேட்பேன். ஆனால் அப்போது நான் ஏன் கேட்கிறேன் என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

என்னிடம் 400க்குச் சற்று மேற்பட்ட இசைத்தட்டுகள் இருக்கின்றன. அவற்றைக் காண வருவோர், "இவற்றுள் விலை மதிப்பு மிக்கது எது?" என்று தவறாமல் கேட்பார்கள். சந்தை விலையைச் சொல்லிவிடலாம்; அது ஒன்றும் பெரிய தொகையன்று. ஆனால் ஒரு தட்டுக்குப் பின்னால் நிற்கும் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினால் அவர்களுடைய தேநீர் ஆறிப்போய்விடும். இன்று உங்களுடைய தேநீரும் ஆறட்டும். என் பெட்டியிலுள்ள அபூர்வமான சிலவற்றை எடுத்து உங்கள் முன் வைக்கிறேன். இறுதியாக, என்னிடம் இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்கிறேன்.

இசையைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை நான் அறியாதவன் அல்லன். அதில் தீர்ப்புரைக்கும் தகுதி எனக்கு இல்லை. இங்கு நான் பேசவிருப்பது மறைந்தவர்களின் குரல்களையும், அவற்றைக் காத்தவர்களையும், காக்கத் தவறியவர்களையும் பற்றியே.

நன்னி ஒட்டிய தாள்

என் அத்தா பினாங்கில் கடை வைத்திருந்தவர். 1958ஆம் ஆண்டு சபர் முடித்து 'ரஜூலா' கப்பலில் ஊர் திரும்பியபோது, கைப்பெட்டி போன்ற ஒரு கிராமபோனையும் ஐம்பது அறுபது தட்டுகளையும் உடன் கொண்டுவந்தார். சாவி கொடுத்தால் ஓடும், மின்சாரம் வேண்டாம். எங்கள் தெருவில் அது பெரிய அதிசயம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் திண்ணையில் பாய் விரிக்கப்படும். பிள்ளைகளாகிய நாங்கள் முன்வரிசை.

அந்தத் தட்டுகள் பலவற்றின் நடுவே ஒரு நாய், குழாயின் முன் அமர்ந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். பிரான்சிஸ் பாரௌட் என்னும் ஆங்கில ஓவியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய படம் அது. நாயின் பெயர் நிப்பர். உலகம் அதனை ரசித்தது. என் நன்னி ரசிக்கவில்லை. "அல்லாஹ், ரசூல் பேர் வர்ற பாட்டுல நாய் படமா?" என்று வெகுண்டார். ஒரு நாள் கோதுமை மாவில் பசை காய்ச்சி, முனாஜாத்துப் பாடல்கள் அடங்கிய தட்டுகளின் நடுவே வெள்ளைத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டிவிட்டார். நாய் மறைந்தது. கூடவே பாடியவர் பெயரும் மறைந்தது. அன்று நாங்கள் அனைவரும் சிரித்தோம். அத்தாவும் சிரித்தார்.

இச்சிறு நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டு என்பது யாது?

இன்றைய பிள்ளைகளுக்காக ஓரிரு சொற்கள். ஒலி என்பது அதிர்வு. பாடுபவரின் குரல் ஒரு மெல்லிய தகட்டை அதிரச் செய்ய, அதனோடு இணைந்த ஊசி சுழலும் மெழுகில் நெளிநெளியாகக் கோடு கீறும். அம்மெழுகிலிருந்து உலோக அச்சும், அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளும் எடுப்பார்கள். தட்டையான வட்டில் இவ்வாறு ஒலியைப் பதியும் முறையை எமில் பெர்லினர் 1887ஆம் ஆண்டு உருவாக்கினார். 1925 வரை ஒலிவாங்கி கிடையாது. பெரிய குழாய்க்குள் முகத்தை நீட்டி உரக்கப் பாட வேண்டும்.

பழைய தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேல் பாடும். அதன் முக்கியப் பொருள் அரக்கு. நம் நாட்டுக் காடுகளில் புரசு முதலிய மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சியிடமிருந்து கிடைக்கும் அதே அரக்குத்தான். அதனுடன் கல்மாவும் கரியும் கலந்து அழுத்தி எடுத்தார்கள். ஆகவே அத்தட்டு கீழே விழுந்தால் மண்சட்டி போல் உடையும். 1948ஆம் ஆண்டு வந்த நீளத் தட்டு, அதாவது எல்.பி., வேறு பொருளால் ஆனது. அது நிமிடத்திற்கு முப்பத்து மூன்றேகால் சுற்று என்பார்கள் சிலர். சரியான கணக்கு முப்பத்து மூன்றும் மூன்றிலொரு பங்கும். ஒரு பக்கம் இருபது நிமிடத்திற்கு மேல் ஒலிக்கும்.

கரகரப்பினூடே ஒரு காரீ

என் சேகரிப்பில் நான் மிகுந்த கண்ணியத்துடன் கையாளும் தட்டு எகிப்திலிருந்து வந்தது. ஷைகு முஹம்மது ரிஃப்அத் (ரஹ்) அவர்களின் கிராஅத் பதிவு அது. ஊசியை வைத்ததும் முதலில் கேட்பது மழை பெய்வது போன்ற கரகரப்பு. புதிதாகக் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சற்றே பொறுத்திருந்தால், அந்த மழைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எழும். அழுகையும் அல்லாத, பாட்டும் அல்லாத, அடக்கமே உருவான குரல்.

1882ஆம் ஆண்டு கெய்ரோவில் பிறந்த அப்பெரியார் இரண்டு வயதிலேயே கண்பார்வையை இழந்தவர். 1934ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் எகிப்து வானொலி தொடங்கப்பட்டபோது அவருடைய ஓதலுடனேயே அது தொடங்கியது. அதற்கு அவர் உடனே இசைந்துவிடவில்லை. இறைமறை வானொலி வழியே செல்லக்கூடாத இடங்களுக்கும் சென்றுவிடுமே என்று அஞ்சினார். அல்அஸ்ஹரின் தலைமை அறிஞரிடம் அனுமதி பெற்ற பின்னரே ஓத அமர்ந்தார்.

அந்நாளைய வானொலி நேரடி ஒலிபரப்பு. ஓதி முடித்ததும் ஓசை காற்றோடு போய்விடும். 1943ஆம் ஆண்டு அவர் தொண்டையை ஒரு நோய் பற்றியது. விக்கல் விடாது வரும், ஓத முடியாது. மக்கள் பெருந்தொகை திரட்டினர். அவரோ அதனை ஏற்க மறுத்துவிட்டார். 1950ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், தம் பிறந்த நாளிலேயே, இறைவனடி சேர்ந்தார்.

அப்படியானால் இன்று நாம் கேட்கும் அக்குரல் எங்கிருந்து வந்தது? இங்கேதான் என் உள்ளம் சிலிர்க்கும். ஜகரிய்யா பாஷா மஹ்ரான் என்ற ஒரு நேயர், வானொலியில் ஷைகு அவர்கள் ஓதும்போதெல்லாம் தம் சொந்தச் செலவில் அதனைத் தட்டுகளில் பதிந்து வைத்தார். எவரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஓதியவரோடு அவருக்குப் பழக்கமும் இல்லை. விருப்பம் ஒன்றே காரணம். இன்று உலகிலுள்ள ரிஃப்அத் பதிவுகளில் பெரும்பகுதி அந்த வீட்டுத் தட்டுகளின் வழி வந்தவை. நான் கேட்கும் கரகரப்பு வானொலியின் கரகரப்பு; அதன்மேல் தட்டின் கரகரப்பு. அதுவும் இல்லாதிருந்தால் அந்தக் குரலே இல்லை.

வாசகர்களே, பெரிய நிறுவனங்கள் காக்கத் தவறியதை ஒரு வீடு காத்தது. இதை மனத்தில் இருத்துங்கள்.

நூலில் தொகுத்ததுபோல் குரலிலும்

அடுத்ததும் கெய்ரோவில் அச்சானதே. ஜித்தாவில் பணிபுரிந்த என் மச்சான் 1979ஆம் ஆண்டு விடுமுறையில் வந்தபோது, டேப் ரிக்கார்டர், போர்வை, அத்தர் ஆகியவற்றோடு இதனையும் கொண்டுவந்தார். ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி (ரஹ்) அவர்கள் ஓதிய நீளத் தட்டு. ஜுஸ்உ அம்மவின் சிறு அத்தியாயங்கள்.

இதன் பின்னணி வியப்பிற்குரியது. எகிப்தைச் சேர்ந்த லபீப் அஸ்ஸயீத் என்னும் அறிஞர் 1959ஆம் ஆண்டு ஒரு கருத்தை முன்வைத்தார். யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தோர் பலர் ஷஹீதானதைக் கண்டு கவலையுற்றே, கலீபா அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் காலத்தில் திருமறை எழுத்தில் தொகுக்கப்பட்டது. அவ்வாறே, சிறந்த காரீகள் ஒவ்வொருவராக மறைந்துவரும் இக்காலத்தில், முறைப்படி ஓதும் ஓதலைக் குரலிலும் முழுமையாகத் தொகுக்க வேண்டாமா என்று கேட்டார். அக்கேள்விக்கு விடையாக ஹுஸரி அவர்கள் ஓத, 1961ஆம் ஆண்டு குர்ஆன் முழுவதும் முதன்முறையாகத் தட்டுகளில் வெளிவந்தது. 1964ஆம் ஆண்டு எகிப்தில் திருக்குர்ஆனுக்கென்றே தனி வானொலி தொடங்கியபோது ஒலித்ததும் இப்பதிவே.

ஹுஸரி அவர்களின் ஓதலில் அலங்காரம் இல்லை. ஓர் ஆசிரியர் மாணவனுக்கு எழுத்தெழுத்தாகச் சொல்லித் தருவது போன்ற தெளிவு. எங்கு நிறுத்த வேண்டும், எங்கு நீட்ட வேண்டும் என்பதைக் கேட்டே கற்கலாம். என் பிள்ளைகள் சிறு சூராக்களைத் திருத்தமாக ஓதக் கற்றது இந்தத் தட்டின் முன் அமர்ந்துதான்.

இத்தட்டு எங்கள் வீட்டில் ஒருபோதும் பரணுக்குப் போகவில்லை. அம்மா அதனைப் பட்டுத் துணியில் சுற்றி, குர்ஆன் பிரதிகளோடு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். மற்ற தட்டுகளுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

சிங்கப்பெருமாள்கோயில் ரயில் நிலையம்

இப்போது ஒரு 78 சுற்றுத் தட்டு. பாடுபவர் கிரானா இசை மரபின் பெருமகன் உஸ்தாத் அப்துல் கரீம் கான். 1872ஆம் ஆண்டு வட இந்தியாவின் கைரானா என்னும் ஊரில் பிறந்தவர். இத்தட்டில் அவர் பாடுவதோ நம் திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளின் தெலுங்குக் கீர்த்தனை, கரகரப்பிரியா ராகத்தில்! வடக்கத்திய உஸ்தாத் ஒருவர் தென்னாட்டுக் கீர்த்தனையைப் பாடிப் பதிவும் செய்தார் என்பதை நம்பாதவர்களுக்காகவே இதனை அடிக்கடி வெளியே எடுக்கிறேன். உச்சரிப்பில் சற்றே வடக்கு வாடை உண்டு. ஆனால் சுரம் தேன்நூல்போல் அறுபடாமல் ஓடும்.

அவருடைய இறுதியும் தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்தது. 1937ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் செல்கையில் அவருக்கு நெஞ்சுவலி கண்டது. செங்கற்பட்டை அடுத்த சிங்கப்பெருமாள்கோயில் நிலையத்தில் இறங்கினார். நடைமேடையில் விரிப்பை விரித்து அமர்ந்து, தர்பாரி ராகத்தில் இறைவனைத் துதித்தவாறே உயிர் நீத்தார் என்று அவர் மரபினர் சொல்வர். மராட்டிய நாட்டு மிரஜில், குவாஜா மீரா சாகிப் தர்கா வளாகத்தில் அடங்கியிருக்கிறார். அந்த நிலையத்தை ரயில் கடக்கும்போதெல்லாம் நான் சன்னல் வழியே நடைமேடையைப் பார்ப்பதுண்டு. அங்கு இறங்குவோர்க்கும் ஏறுவோர்க்கும் இது தெரியுமோ என்னவோ!

இத்தட்டின் அருகிலேயே நாதசுர மேதை ஷேக் சின்ன மௌலானாவின் நீளத் தட்டை வைத்திருக்கிறேன். ஆந்திரத்தின் கரவதியில் 1924ஆம் ஆண்டு பிறந்து, தஞ்சைப் பாணியின்மேல் கொண்ட காதலால் நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்று, திருவரங்கத்தையே தம் ஊராக்கிக்கொண்டவர். 1998ஆம் ஆண்டு சங்கீத கலாநிதி விருது பெற்று, மறு ஆண்டே மறைந்தார். தெற்கே வந்து தெற்கின் கலைக்கு மனத்தைப் பறிகொடுத்த இருவர். இரு தட்டுகளும் என் பெட்டியில் அண்டை வீட்டார்.

ஒலிபெருக்கி வேண்டாத குரல்

நாகூர் இ.எம். ஹனிபா அவர்களை உங்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1925ஆம் ஆண்டு பிறந்து 2015ஆம் ஆண்டு மறைந்த அந்த மாமனிதரின் குரல் ஒலிக்காத மீலாது மேடை இல்லை; திருமண வீடு இல்லை. ஒலிபெருக்கி பழுதானாலும் அவர் பாட்டு நிற்காது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இஸ்லாமியப் பாடல்கள் ஒருபுறம், திராவிட இயக்க மேடைப் பாடல்கள் மறுபுறம். இரண்டிலும் அதே கம்பீரம்.

ஆனால் பலர் மறந்துபோன ஒன்று என்னிடம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டு வெளிவந்த 'பாவமன்னிப்பு' திரைப்படத்தின் பாடல் தட்டு. அதில் டி.எம். சௌந்தரராஜனோடு இணைந்து பாடியிருப்பவர் ஹனிபா அவர்களே. கண்ணதாசன் எழுத, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையமைத்த பாடல். அதை ஒலிக்கவிட்டு, "இரண்டாவது குரல் யாருடையது?" என்று விருந்தினரைக் கேட்பேன். இளைஞர்கள் விழிப்பார்கள். அறுபதைக் கடந்தவர்கள் அடுத்த நொடியே நிமிர்ந்து உட்கார்ந்து, "நம்ம ஹனிபாண்ணனல்லவா!" என்பார்கள். அந்த 'நம்ம' என்ற சொல்லைக் கேட்பதற்காகவே இத்தட்டை மீண்டும் மீண்டும் சுழற்றுகிறேன்.

தன் பெயரைத் தானே சொன்னவர்

கல்கத்தாவின் மிர்சா காலிப் தெருவில் பழைய தட்டுகள் விற்கும் கடைகள் உண்டு. அங்கு ஒரு முழுப் பகலைச் செலவிட்டுத் தேடி எடுத்தது கௌஹர் ஜானின் தட்டு.

ஆர்மீனிய வழித்தோன்றலாக 1873ஆம் ஆண்டு ஆஸம்கரில் பிறந்தவர் அவர். தாயார் இஸ்லாத்தைத் தழுவி மல்கா ஜான் ஆனார். மகள் கௌஹர் ஜான் ஆனார். 1902ஆம் ஆண்டு நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவிற்கு வந்து, விடுதி அறையையே பதிவுக்கூடமாக்கி இந்தியக் குரல்களைப் பதிந்தபோது, அத்தொடக்கத்தின் பெருங்கலைஞர் இவரே. மணிக்கணக்கில் விரியும் ராகத்தை மூன்று நிமிடத்தில் அடக்கிக் காட்டும் வித்தையை இந்நாட்டிற்குக் கற்பித்தவர். பல மொழிகளில் ஏறத்தாழ 600 பதிவுகள் செய்தார் என்பர். 1911ஆம் ஆண்டு தில்லி தர்பாரில் பாடினார். செல்வமும் புகழும் கரைந்தபின் 1928ஆம் ஆண்டு மைசூர் அரண்மனையில் இடம் பெற்று, 1930ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

அவருடைய தட்டுகளில் ஒரு விந்தை உண்டு. பாடி முடித்த மறுகணமே ஆங்கிலத்தில், "மை நேம் இஸ் கௌஹர் ஜான்!" என்று துடுக்காக முழங்குவார். அது தற்பெருமை அன்று. அந்நாளில் இங்குப் பதிந்த மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலேறும். அங்கே அச்சிடுவோர்க்கு நம் மொழி தெரியாது. பாடியவர் யாரென்றும் தெரியாது. அவர்கள் சரியான பெயரை ஒட்டும்பொருட்டு, கலைஞரே தம் பெயரைச் சொல்லிவிடுவது வழக்கமாயிற்று. நூறாண்டு கடந்தும் அந்தப் பெயர் அந்தக் குரலைவிட்டுப் பிரியவில்லை.

அவ்வொலியைக் கேட்டு முதன்முறை நான் சிரித்தேன். இரண்டாம் முறை கேட்டபோது கண் கலங்கியது. காரணத்தை இனிச் சொல்கிறேன்.

என்னிடம் இல்லாத தட்டு

1986ஆம் ஆண்டு எங்கள் ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டினோம். சாமான்களைக் கழித்துக் கட்டும் பொறுப்பு என்னுடையது. கேசட் வந்துவிட்ட காலம் அது. கிராமபோனின் சுருள்வில் அறுந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. தெருவில் பழைய சாமான் வாங்குபவர் வந்தார். கிராமபோன் பெட்டியையும் அத்தாவின் தட்டுகள் அனைத்தையும் அவரிடம் கொடுத்து, ஓர் எவர்சில்வர் குடத்தை வாங்கிக்கொண்டேன். அத்தா திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் கேசட்டுல கிடைக்கும் அத்தா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

1994ஆம் ஆண்டு அவர் படுக்கையில் விழுந்தார். ஒரு மாலை என்னை அழைத்து, "அந்தத் தாள் ஒட்டுன தட்டு இருக்கே, அதுல ஒரு முனாஜாத்து... அதைக் கொஞ்சம் போடு தம்பி" என்றார். பினாங்கில் கடைக்கு மேலே இருந்த சிற்றறையில், வீட்டையும் எங்களையும் நினைத்து உறக்கம் வராத இரவுகளில் அவர் கேட்டது அது. பாடியவர் யார் என்று கேட்டேன். பெயர் நினைவில்லை என்றார். மெட்டை மட்டும் முனகிக் காட்டினார்.

அந்த முனகலை நெஞ்சில் ஏந்திக்கொண்டு சென்னைக்கு ஓடினேன். 1985ஆம் ஆண்டு மூர் மார்க்கெட் எரிந்த பின், அங்கிருந்தவர்கள் குடியேறிய அல்லிக்குளம் வணிக வளாகத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பெயர் தெரியாமல் எதைக் கேட்பது? நானே முனகிக் காட்டினேன். கடைக்காரர்கள் பொறுமையாகக் கேட்டார்கள், தலையசைத்தார்கள். இரண்டு நாள் கழித்து, ஹனிபா அவர்களின் தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். அத்தா அதனைக் கேட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். என் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொன்னது அது. அவ்வாண்டு ரமளானுக்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்த இரண்டு நாள் தேடல்தான் இன்று 400 தட்டுகளாக வளர்ந்து நிற்கிறது. பின்னாளில், அனுபவம் மிக்க சேகரிப்பாளர் ஒருவர் எனக்கு ஓர் உண்மையைச் சொன்னார். தட்டின் பெயர்த்தாளை மறைத்துவிட்டாலும், அதைச் சுற்றியுள்ள கறுப்பு வளையத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் தெரிந்தால், பழைய விற்பனைப் பட்டியல்களைப் புரட்டிப் பாடியவர் யார், எப்போது பாடினார் என்று கண்டுபிடித்துவிடலாம். நன்னி ஒட்டிய தாள் அந்த எண்ணை மறைக்கவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் அத்தட்டு எங்கள் வீட்டில் இருந்தது. ஒருநாள்கூட நான் குனிந்து அதனைப் பார்க்கவில்லை.

நன்னியின்மேல் எனக்குக் குறையில்லை. அவர் மறைத்தது நாயை. தட்டையே கைவிட்டவன் நான். அந்த எவர்சில்வர் குடம் இன்றும் எங்கள் சமையலறையில் இருக்கிறது, நசுங்கக்கூட இல்லை.

உங்கள் வீட்டில் இருந்தால்

ஆகவே வாசகர்களே, இன்றே பரணில் ஏறிப் பாருங்கள். தட்டுகள் கிடைத்தால் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

பரண் தட்டுகளுக்குப் பகை. ஓட்டு வெயிலில் அவை நெளிந்துவிடும். நிழலான அறையில், புத்தகங்களைப்போல் நேராக நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியிலுள்ளது விரிசல் விடும்.

அரக்குத் தட்டை ஸ்பிரிட் கொண்டு துடைக்கவே கூடாது. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். குரலும் சேர்ந்து கரையும். மெல்லிய துணியால் தூசியைப் போக்குங்கள். அழுக்கு மிகுதியானால் சிறு துளி சோப்பு கலந்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கீறல் செல்லும் திசையிலேயே துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். நடுவிலுள்ள பெயர்த்தாள் நனையக்கூடாது.

சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்.பி. தட்டை வைக்காதீர்கள். அதன் கனத்த ஊசி ஒரே முறையில் உழுதுவிடும். அந்த எஃகு ஊசியையும் ஒவ்வொரு பக்கத்திற்கும் மாற்ற வேண்டும். மின்சாரக் கருவியில் 78 சுற்றுத் தட்டைப் போடுவதானால் அதற்கென்றே உள்ள அகன்ற ஊசி தேவை.

உடைந்த தட்டையும் எறிந்துவிடாதீர்கள். துண்டுகளை ஓர் உறையிலிட்டு வையுங்கள். பெயரும் எண்ணும் அவற்றில் இருக்கின்றன அல்லவா?

இறுதியாக, ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து ஒவ்வொரு தட்டின் பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். அது எவருடையது, எந்த ஊரில் வாங்கியது, எந்தத் திருமணத்தில் ஒலித்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டுக் குறித்துவையுங்கள். இயன்றால் தக்கவரிடம் கொடுத்துக் கணினியில் பதிந்துகொள்ளுங்கள். மும்பையில் 1990ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் போன்ற அமைப்புகளால் எத்தனையோ பழங்குரல்கள் மீண்டிருக்கின்றன. எனினும் எந்த அமைப்பும் உங்கள் பரணில் ஏறி வந்து தேடாது. ஜகரிய்யா பாஷா தம் வீட்டில் அமர்ந்து செய்ததை நாம் நம் வீட்டில் செய்ய வேண்டும்.

எங்கேனும் ஓர் இல்லத்தில், நடுவே வெள்ளைத் தாள் ஒட்டிய தட்டு ஒன்று இருக்கக்கூடும். கோதுமைப் பசையில் ஒட்டியது. ஓரம் சற்றே கோணலாக வெட்டியது. அதில் ஒரு முனாஜாத்து இருக்கும். அது உங்களிடம் இருக்குமாயின் எனக்குத் தர வேண்டாம். அந்த எண்ணைப் படித்து, பாடியவர் பெயரைக் கண்டறிந்து, அந்தத் தாளின்மேல் எழுதிவையுங்கள். பிறகு ஒருமுறை ஒலிக்கச் செய்து, மர்ஹூமான என் அத்தாவுக்காகவும் பெயர் அறியாத அந்தப் பாடகருக்காகவும் ஒரு துஆ செய்யுங்கள். எனக்கு அதுவே போதும்.

தொடக்கத்தில் கேட்டதையே மீண்டும் கேட்கிறேன்: அந்தத் தட்டுகளை எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்.